வெற்றிடத்துக்கு ஒரு பனியன்

விண்வெளியில் குளிரும் என்று பூபாலனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. சொன்ன ஆள் கையில் சிக்கினால், மே மாத மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே கம்பளியைப் போர்த்தி உட்கார வைக்கச் சித்ராதேவி தயாராக இருந்தாள். அவ்வளவு கோபம். நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் வரும்.

சித்ராதேவி திருப்பூர் ராயபுரத்துக்காரி. அங்கேயே ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். புது டிசைன் எது வந்தாலும் அதன் முதல் பீஸ் அவள் கண்ணெதிரில்தான் உருவாகும். வெட்டி, தைத்து, அளவு பார்த்து, அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் அது பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், கைக்குப் போகும். பூபாலன் அந்தக் கம்பெனியின் முதலாளி. அவருடைய அப்பா சென்னிமலை என்பவர் ஒரு கொட்டகையில் ஆரம்பித்ததை மாடி மேல் மாடியாக எழுப்பியவர். அத்தனை மாடியும் ஐரோப்பாக்காரர்களின் குளிர்காலத்துக்குத் துணி அனுப்பிய காசில் எழும்பியது. அதனால் குளிர் என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் வாயில் ஃப்ளீஸ் என்றுதான் வரும். துணியின் உள்பக்கத்தைக் கம்பிப் பல்லால் சீவி, பஞ்சு பஞ்சாக எழுப்பிவிட்டிருப்பார்களே, அந்தத் துணி. உலகத்தில் எங்கே பனி பெய்தாலும் அவர் கை அந்த ரோலைத்தான் தேடிப் போகும்.

அப்படிப்பட்டவரிடம் பெங்களூரிலிருந்து ஒரு சின்ன நிறுவனம் வந்து சேர்ந்தது. விண்வெளிக்குப் போகிறவர்கள் போடும் உடையைச் செய்து பார்க்கிற நிறுவனம். வெளியே தெரியும் அந்தப் பெரிய வெள்ளை உடைக்கு உள்ளே, கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டினாற்போல் ஒரு பனியன் வேண்டும். அதில் நூடுல்ஸ் தடிமனுக்குக் குழாய்கள் ஓட வேண்டும், குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். துணி மெஷ்ஷாக, அதாவது வலை போல ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும், குழாய் தோலைத் தொட வேண்டும். இவ்வளவையும் தெளிவாக எழுதி அனுப்பியிருந்தார் அங்கே இன்ஜினியராக இருந்த குகன். அவருக்குச் சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கத்து வெள்ளகோவில் என்பதால்தான் வேலை திருப்பூருக்கே வந்தது.

பூபாலன் அதைத் தன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"சித்ரா, ஸ்பேஸ்ல எத்தன டிகிரி தெரியுமுங்களா? மைனஸ் எரநூத்தெழுபது. நேத்துதான் வீடியோல பாத்தேன். அந்தக் குளிருக்குக் கொசுவலையா குடுப்பாங்க? டைப் அடிச்சவன் மாத்தி அடிச்சுட்டான். ஃப்ளீஸ் போடுங்க. இருக்கறதுலயே கனமானதப் போடுங்க."

சித்ராதேவிக்கும் அந்த நிமிடத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கும் விண்வெளி என்றால் குளிர்தான். ஆனாலும் பையர் எழுதியதற்கு மாறாகத் துணி எடுப்பது அவள் கைக்குப் பழக்கமில்லாத காரியம். கேட்டுவிட்டால் போச்சு என்று குகனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, உங்க ஷீட்ல மெஷ்ஷுன்னு போட்டிருக்குதுங்க. அங்க பயங்கரக் குளிருன்னு சொல்றாங்க. எழுதறப்ப மாறிப்போச்சுங்களா?"

"கேட்டீங்களே, அதுவே பெருசுங்க. நெறையப் பேரு கேக்கறதே இல்ல" என்றார் குகன். "இப்ப உங்க பக்கத்துல டீ ஃப்ளாஸ்க் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. செக்‌ஷனுக்கு வந்த டீ அதில்தான் இருந்தது.

"அதுல ஊத்துன டீ ஏனுங்க ஆறாம இருக்குது?"

"ரெண்டு செவுரு இருக்குமுங்க. நடுவுல காத்த உறிஞ்சி எடுத்துருப்பாங்க."

"அங்க மேலயும் அதேதானுங்க. காத்தே இல்லாத வெறும் எடம். ஒரு பொருள்ல இருந்து சூடு போகோணும்னா, ஏதாச்சும் ஒண்ணு வந்து தொட்டு எடுத்துட்டுப் போகோணும். இங்க நம்மளக் காத்துத் தொட்டுக்கிட்டே இருக்குது. வேர்த்தா ஆத்தி உடுது. அங்க தொடறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே. மனுசன் கையத் தூக்குனாலே ஒடம்பு சூடு கெளப்பும். அந்தச் சூடு எங்க போகும்? ஃப்ளாஸ்க்ல இருக்கற டீ மாதிரி அவனோடவே கெடக்கும்."

"அப்ப குளிரே இல்லீங்களா?"

"இருக்குதுங்க, ஆனா நாம நெனைக்கற மாதிரி இல்ல. பாய்லர் முன்னால நின்னுருக்கீங்களா? ஒண்ணுந் தொடாமயே மூஞ்சி சுடும், முதுகு சுடாது. அங்க சூரியன் பக்கம் அப்படித்தான், தண்ணி கொதிக்கறத விட எச்சாச் சுடும். நெழல்ல இருக்கற பொருள் தன்னோட சூட்டக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக் கொஞ்சங் கொஞ்சமா உட்டுக்கிட்டே இருக்கும். சூரியன் படாம ரொம்ப நாளு கெடந்தா, கடைசீல போய்ச் சேர்ற எடந்தான் நீங்க சொல்ற எரநூத்தெழுபது. போன ஒடனே கடிக்கற குளிரு இல்லீங்க அது. வெய்யிலு, நெழலு ரெண்டையும் வெளி உடுப்பு பாத்துக்கும். உள்ள இருக்கறவனுக்கு எமன் அவனோட சொந்தச் சூடுதான். அத எடுக்கத்தான் தண்ணிக் கொழாய். கொழாய் தோலத் தொடலீன்னா அவன் வெந்து போயிருவானுங்க."

போனை வைத்துவிட்டுச் சித்ராதேவி ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டது. இத்தனை வருடம் டீ குடித்தும் இது தோன்றவில்லையே என்று சிரிப்பு வந்தது. ஃப்ளாஸ்க்கோடு நேரே பூபாலனின் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னாள்.

பூபாலன் பொறுமையாகக் கேட்டார். மரியாதையில் அவரிடம் குறை சொல்ல முடியாது. கேட்டு முடித்து, "டீக்கட சயின்ஸெல்லாம் நமக்கெதுக்குங்க அம்மிணி?" என்றார். "நான் முப்பது வருசமாக் குளிருக்குத் துணி அனுப்பறவன். அவங்க கம்ப்யூட்டர்ல பாக்கறவங்க. கையில வாங்கிப் பாத்தா அவங்களே அசந்துருவாங்க. இன்னொண்ணு. குளிர்ற எடத்துக்குப் போற மனுசன் மேல ஐஸ் தண்ணிய ஓட்டுனா ஜன்னி வந்துராது? கொழாயத் துணிக்கு வெளிப்பக்கமாத் தெச்சுருங்க. பாவம், அவனும் ஒரு பொண்டாட்டி புள்ளைக்காரன்தான?"

எங்கோ வானத்தில் மிதக்கப்போகிற, இன்னும் யாரென்றே தெரியாத ஒருவனுக்கு ஜன்னி வந்துவிடக்கூடாதே என்று பூபாலனுக்கு அத்தனை இரக்கம். தன் கூரைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி அந்த இரக்கத்தில் கால்வாசி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

துணியும் குழாயும் யாசின் பாயிடம் வந்தன. யாசின் பெரிய முதலாளி சென்னிமலை காலத்திலிருந்து அங்கே சாம்பிள் டெய்லர். முதல் பீஸ் தைப்பது எல்லா டெய்லருக்கும் வந்துவிடாது. லைனில் உட்காருகிறவர் ஒரே தையலை நாள் முழுக்கத் தைப்பார். சாம்பிள் டெய்லர் ஒரு உடுப்பு முழுவதையும் ஒற்றை ஆளாகத் தைக்க வேண்டும். அவர் தைத்ததைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் தைப்பார்கள். யாசினிடம் இன்னொரு விசேஷமும் இருந்தது. அவர் உடம்பு மில்லிமீட்டர் பிசகாத எம் சைஸ். கல்யாணமான நாளிலிருந்து அந்த அளவு மாறவில்லை. பிரியாணி தின்னும்போதுகூடக் கம்பெனி அளவை நினைத்துக்கொண்டுதான் தின்பார் என்று அவர் மனைவி குல்சார் பேகம் கேலி செய்வார். அளவு பார்க்க எந்தச் சாம்பிளானாலும் அவர் மேல்தான் ஏறும்.

யாசின் ஃப்ளீஸைத் தடவிப் பார்த்தார். குழாயை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, கொழாய் அக்கட்ட, ஒடம்பு இக்கட்ட, நடுவுல மெத்தை. தண்ணி யாருக்குங்க ஓடுது?"

"அதையேதான் நானும் சொன்னேன் பாய். மொதலாளி கேக்கலீங்க."

தைத்துக் கொடுத்தார். தையலைப் பார்க்க வேண்டுமே. அத்தனை வளைவிலும் ஒரு குழாய்கூட நசுங்காமல், ஒரு சுருக்கம் விழாமல், ரோட்டில் கோடு போட்டதுபோல் இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புது டிசைனாக இருந்தாலும் முதல் பீஸை முதலாளி தன் உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னிமலை தன் அளவிலேயே ஒன்றை வெட்டச் சொல்லி, நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடப்பார். அக்குள் உரசினால் அன்றைக்கே திருத்தம். வரவேற்பறையில் மாலை போட்ட அவர் படத்தில் இருப்பதும் அப்படி ஒரு முதல் பனியன்தான். படத்துக்குக் கீழே பித்தளை எழுத்தில், 'எங்கள் முதல் பீஸை எங்கள் முதலாளியே அணிகிறார்' என்று பூபாலன் பொறித்து வைத்திருந்தார். பொறித்ததோடு சரி. அவர் காலத்தில் முதல் பீஸுக்குச் சூடம் காட்டுவார்கள், அவர் அதைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார், பிறகு அது யாசின் பாய் மேல் ஏறிவிடும்.

இந்தப் பீஸுக்கும் அப்படித்தான் நடந்தது. பெங்களூர்க்காரர்கள் சோதித்துப் பார்ப்பதற்காகக் காற்றுப் புகாத ஒரு ரப்பர் வெளியுடையை அனுப்பியிருந்தார்கள். பனியனுக்கு மேல் அதைப் போட்டு, பின்பக்கம் ஜிப்பை இழுத்து மூடி, ஆள் நடக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரைக் குழாயில் ஏற்றித் திரும்பக் கொண்டுவரும். நடப்பதற்குப் பூபாலன் தன் வீட்டு டிரெட்மில்லையே கொடுத்தனுப்பினார். வீட்டில் அதன் மேல் துணி காயப்போட்டிருந்தார்களாம்.

சாம்பிள் செக்‌ஷன் மேல்மாடியில் தகரக் கூரைக்குக் கீழே. வெளியே வெயில் கொளுத்துகிறது. யாசின் டிரெட்மில்லில் ஏறி நின்றார். பூபாலன் போனை நீட்டி வீடியோ எடுக்கத் தயாரானவர், அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

"ஸ்பேஸ்லதான் காத்தே இல்லையே. ஃபேன ஆஃப் பண்ணுங்க. டெஸ்டுன்னா கரெக்டா இருக்கோணும்."

காற்று இல்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. காற்று இல்லாவிட்டால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்பதுதான் புரியவில்லை. அதைத்தான் சித்ராதேவி ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னாள்.

யாசின் நடந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்தது. கழுத்துப் பட்டிக்கு மேல் வேர்வை ஒழுகியது. அது போவதற்கு வேறு வழி இல்லை.

"சார், சித்த அவுத்துக்கறனுங்க. மூச்சு முட்டுது."

"ரெண்டே நிமிசம் பாய். வீடியோ நல்லா வருது."

"சார், போதுமுங்க சார்" என்று சித்ராதேவி முன்னால் வந்தாள். பூபாலன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். அவளும் நின்றாள். மாசச் சம்பளக்காரியின் கால், முதலாளி கை காட்டினால் நின்றுவிடுகிறது. அந்தக் காலை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

"சார், கண்ணு இருட்டுதுங்க..."

"ரெண்டே நிமிசமுங்க பாய். பொறுத்துக்குங்க."

எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஆளைச் சாகக் கொடுக்கும்போதும் 'ங்க' போடாமல் இருக்க மாட்டோம்.

யாசின் விழுந்தார். கைப்பிடியில் தலை மோதிச் சரிந்தார். சித்ராதேவி ஓடிப்போய் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். உள்ளிருந்து கிளம்பிய ஆவி, குக்கரைத் திறந்ததுபோல் அவள் முகத்தில் அடித்தது. ஃப்ளீஸ் வேர்வையைக் குடித்துக் குடித்து உடம்போடு அப்பிக் கிடந்தது. தொட்டால் கை சுட்டது. ரப்பரை உரித்துப் போட்டு, கத்தரியால் பனியனை நெஞ்சுவாக்கில் வெட்டி, மேலே ஊற்றத் தண்ணீர் தேடி ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஐஸ் போட்டது போட்டபடி கிடந்தது. குழாயில் போன தண்ணீர் அதே குளிரோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த மனுஷன் உடம்பு கொதித்த கொதிப்பில் ஒரு துளிகூட அந்தத் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை.

யாசின் பிழைத்துக்கொண்டார். உடம்புச் சூடு தலைக்கு ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். பூபாலன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாசின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமுறுத்திட்டீங்களே பாய்" என்றார். யார் யாரைப் பயமுறுத்தியது என்று கேட்கச் சித்ராதேவிக்கு நாக்கு துடித்தது. ஆஸ்பத்திரி என்று அடக்கிக்கொண்டாள்.

ஆனால் மக்யாநாள் நடந்ததை அடக்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் எல்லா செக்‌ஷன் இன்சார்ஜும் நிற்கும் கூட்டத்தில் பூபாலன் சொன்னார். "தையல் கோளாறுங்க. பாய்க்கு வயசாச்சு, கண்ணு மங்கிப்போச்சு. கொழாய நசுக்கித் தெச்சுட்டாரு, தண்ணி ஓடல. பெங்களூருக்கும் சொல்லிட்டேன். வேற கைல இன்னொரு பீஸ் தெச்சுக் காட்டறேன்னிருக்கேன். குகன் நேர்லயே பாக்க வர்றாராம். செந்தில்வேல் தெக்கட்டும். துணி அதேதான்."

தையல் கோளாறு. சித்ராதேவிக்கு உச்சியில் தீ வைத்ததுபோல் இருந்தது. ஒரு டெய்லரைத் திருடன் என்று சொல்லுங்கள், குடிகாரன் என்று சொல்லுங்கள், திருப்பூரில் அவனுக்கு வேலை கிடைக்கும். சாம்பிள் டெய்லரைத் தையல் கோளாறு என்று சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்தது. பனியன் காயும் முன்னால் அந்தச் சொல் ஊரெல்லாம் சுற்றிவிடும்.

கூட்டம் கலைந்ததும் அறைக்குப் போய்க் கேட்டேவிட்டாள். "சார், தண்ணி ஓடுச்சுங்க. திரும்பி வந்தத நானே தொட்டுப் பாத்தேன். தையல் சுத்தமா இருக்குதுங்க. துணிதானுங்க தப்பு."

பூபாலன் கதவைச் சாத்தச் சொன்னார். குரல் தணிந்து, அன்பாகவே வந்தது. "அம்மிணி, துணி தப்புன்னா அது நான் எடுத்த துணி. கம்பெனி பேரு கெட்டுரும். தையல்னா ஒரு ஆளோட போயிரும். பாயை நான் உட்டுருவனா? பேக்கிங்ல உக்காந்து பொட்டிக்கு டேப் ஒட்டட்டும். நெழல்ல இருக்கலாமில்லீங்க?"

தையலில் குறை இல்லை என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். இப்போதாவது துணியைப் பற்றிச் சந்தேகம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. குழாயை இன்னும் கொஞ்சம் நெருக்கித் தைத்தால் ஃப்ளீஸ் வேலை செய்யும் என்று உள்ளூர நம்பிக்கொண்டேதான் இருந்தார். முப்பது வருடக் குளிர் அவர் தலைக்குள் உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் யாசின் வீட்டுக்குப் போனாள். யாசின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேசியது குல்சார் பேகம்தான்.

"ஞாயித்துக்கெழம வேற ஒரு கம்பெனிக்காரங்க சாம்பிளுக்குக் கூப்புட்டிருந்தாங்க சித்ராம்மா. இன்னிக்கு மத்தியானம் வேண்டாமுன்னு சொல்லி உட்டுட்டாங்க. இவரு சாகப் பாத்தாரு, அதுக்குக்கூட நான் அழுகல. இந்தக் கையப் பாத்துத் தையல் தப்புன்னு எப்படீங்க சொல்ல வந்துச்சு?" என்று புருஷனின் கையை எடுத்துச் சித்ராதேவி முன்னால் நீட்டினார். ஊசி ஏற்றியதில் புறங்கை வீங்கியிருந்தது.

"குகன் சார் வர்ற அன்னிக்கு நீங்க கம்பெனிக்கு வரோணும் பாய்" என்றாள் சித்ராதேவி.

யாசின் மிரண்டு போனார். "மறுபடி அதப் போடச் சொல்லாதீங்க அம்மிணி. என்னால ஆகாது."

"போடறதுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு."

இரண்டாவது பீஸைச் செந்தில்வேல் வெட்டத் தொடங்கும்போது சித்ராதேவி அளவு சொன்னாள். எக்ஸ்எல். செந்தில்வேல் ஏன் என்று கேட்கவில்லை. சாம்பிளில் இன்சார்ஜ் சொன்னால் சொன்னதுதான்.

குகன் வந்தார். வரவேற்பறையில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று பித்தளை எழுத்தைப் படித்து, "நல்ல பழக்கமுங்க" என்று மெச்சினார். பூபாலன் குளிர்ந்து போனார். மேலே வந்து பீஸை விரித்ததும் குகனின் முகம் மாறியது.

"சார், இது ஃப்ளீஸ். நாங்க கேட்டது மெஷ்ஷாச்சே."

"எங்க அனுபவத்தையும் பாருங்க தம்பி. போன தடவ தையல் சொதப்பிருச்சு. இப்ப சரி பண்ணியாச்சு. போட்டுக் காட்டறோம், அப்பறம் பேசுங்க."

குகன் மறுக்க வாயெடுப்பதற்குள் சித்ராதேவி முந்திக்கொண்டாள். "போட்டே பாத்துரலாமுங்க."

பூபாலன் செந்தில்வேலைக் கூப்பிட்டார். செந்தில்வேல் ஒல்லி. பனியனை மேலே வைத்துப் பார்த்தான், தொளதொளவென்று தொங்கியது.

"இதென்ன எக்ஸ்எல்? யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தானுங்க சார்" என்றாள் சித்ராதேவி. "மொத பீஸ் மொதலாளி அளவுலதானுங்களே வெட்டோணும். பெரியய்யா காலத்துல அப்படித்தானுங்க வெட்டுவாங்க. கீழ போர்டுலயும் போட்டிருக்குது."

செக்‌ஷனில் மிஷின் சத்தம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. குகன் ஆவலோடு பூபாலனைப் பார்த்தார். கடைசி மிஷினில் யாசின் வந்து உட்கார்ந்திருந்ததைப் பூபாலன் அப்போதுதான் கவனித்தார்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அப்பாவின் படம், பித்தளை எழுத்து, பையர். எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ளீஸின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை. "அதுக்கென்னுங்க, தாராளமா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். ரப்பர் உடையைச் சித்ராதேவியே மாட்டிவிட்டு, பட்டைகளைத் தளர்த்தி, முதுகில் ஜிப்பை இழுத்தாள். குகன் அவர் மணிக்கட்டில் நாடித்துடிப்புக் கருவியைக் கட்டினார். எல்லை தாண்டினால் உடனே நிறுத்திவிடுவேன் என்றார். மோட்டார் ஓடியது. தண்ணீர் ஏறியது. டிரெட்மில் நகர்ந்தது.

சித்ராதேவி சுவரோரம் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

"ஏனுங்க?" என்றார் பூபாலன்.

"ஸ்பேஸ்ல காத்து இல்லீங்களே சார்."

கொஞ்ச தூரம் பூபாலன் கையை வீசி நடந்தார். ஒரு தரம் குகனைப் பார்த்துக் கட்டை விரலைக்கூட உயர்த்தினார். பிறகு கை தானாக இறங்கியது. நெற்றியில் முத்து முத்தாக அரும்பியது. கண்ணுக்குள் இறங்கிய வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார், ரப்பர் கையுறை முகத்தில் வழுக்கியது. மூச்சு வாய் வழியாக வந்தது. ஃபேனை அண்ணாந்து பார்த்தார், அது அசையவில்லை. அவரைச் சுற்றி ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"போதும். அவுருங்க."

சித்ராதேவி ஏற்கெனவே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"சித்ரா, அவுருங்க அம்மிணி. வேகுது."

"ரெண்டே நிமிசமுங்க சார்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "வீடியோ நல்லா வருது."

பூபாலனின் தலை வெடுக்கென்று திரும்பியது. அந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்று அவர் கண் தேடியது. அது தன்னுடைய சொல்தான் என்று கண்டுபிடித்த கணத்தில் அந்தக் கண்ணில் ஒரு பயம் வந்தது. ஆளை நிஜமாகவே உள்ளே விட்டுவிடுவார்களோ என்ற பயம். யாசினுக்கு அன்றைக்கு எத்தனையோ நேரம் இருந்த பயம் அது.

சொல்லும்போதே அவள் கை ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அவரைக் கொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. கேட்டதும் திறப்பது ஒன்றும் கடினமான வேலை இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

ஆவி பறக்கப் பூபாலன் வெளியே வந்து, தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். செந்தில்வேல் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குகன் ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டார். ஐஸ் போட்டது போட்டபடி கிடந்தது. திரும்பி வரும் குழாயைப் பிடித்துப் பார்த்தார். அதுவும் சில்லென்று இருந்தது.

"தண்ணி நல்லா ஓடுதுங்க. ஒரு கொழாய்கூட நசுங்கல" என்றார். பிறகு பூபாலனைப் பார்த்துக் கேட்டார். "போன தடவையும் இதே துணிதானுங்களா சார்?"

பூபாலன் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். எத்தனை நேரந்தான் குடிப்பது? சொம்பு காலியாகிவிட்டது.

"ஆமாங்க" என்றார் தரையைப் பார்த்து. "தையல்ல ஒண்ணுமில்லீங்க. துணிதான். நான் சொன்ன துணி."

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள் சித்ராதேவி. "கடைசி மிஷினுக்குக் கேக்கலீங்க."

இன்றோடு தன் வேலை போனாலும் போகும் என்று சித்ராதேவிக்குத் தெரிந்தது. போகட்டும். அவள் அசையவில்லை. பூபாலன் மெல்லத் தலையைத் தூக்கினார். கடைசி மிஷினில், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு யாசின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய் தையல்ல ஒரு தப்பும் இல்லீங்க" என்று அந்தத் தகரக் கூரைக்கே கேட்கும்படி சொன்னார் பூபாலன். "தப்பு என்னோடது."

அதற்குப் பிறகுதான் சித்ராதேவி போய் ஃபேனைப் போட்டாள்.